லாஞ்சு ஹென்றி ஊரைச் சுற்றிக் காட்டிய கதை

ராயபுரம் பனைமரத் தொட்டியில் வந்து ஹென்றி வீடு எது என்று கேட்டால், எந்த ஹென்றி என்று திருப்பிக் கேட்பார்கள். லாஞ்சு ஹென்றி என்று சொன்னால் கையோடு அழைத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, குடிதண்ணீர், ஆட்கள், காகிதக் கட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் தனியார் லாஞ்சு ஒன்றை முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. மெட்ராஸில் தனக்குத் தெரியாத இடமே கிடையாது என்பது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் எல்லோரிடமும் சொல்லிவந்த ஒரு விஷயம்.

முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. துறைமுகத்தில் ஆரம்பித்து அடையாறு முகத்துவாரம் வரைக்கும் கரையில் நிற்கும் ஒவ்வொரு கட்டடமும் அவருக்குத் தெரியும். என்ன, கடலிலிருந்து தெரியும். அவரும் அவருடைய ஆட்களும் கட்டடங்களுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். பாதியில் நின்றுபோன ஒரு மாடிக்கட்டடம் மொட்டை. பட்டினப்பாக்கம் தாண்டி, எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் கண்ணில் படுகிற ஒரு தடித்த அடுக்குமாடி மாமியார். மொட்டையும் மாமியாரும் ஒரே கோட்டில் வந்தால் லாஞ்சை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்று ஹென்றி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கட்டடத்துக்கு முகம் என்பது கடலைப் பார்த்த பக்கம்தான் என்பது அவருடைய கட்சி. ரோட்டுப் பக்கம் வாசல் வைத்துக் குடியிருக்கிற நாமெல்லாம் ஊருக்கு முதுகுப் பக்கமாக வாழ்கிறோமாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள் டோரதி. அவள் கல்யாணமாகி வந்த புதிதில், மெட்ராஸ் பூராவும் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஹென்றி வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் பார்த்தது கோயில், காசிமேட்டு மீன் மார்க்கெட், பிரசவ ஆஸ்பத்திரி, மறுபடியும் கோயில். தெற்கே பாரிமுனையைத் தாண்டியது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாத விஷயம் வேறொன்று.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஹென்றி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொன்னார்.

"ஒரு பொம்பள டெய்லி காத்தால எனக்கு கை காட்டுது டோரதி. ஐஸ் ஹவுஸ் பக்கத்துல ஒரு மாடி. நீலக் கலர் தண்ணித் தொட்டி. செவப்புத் துணிய வெச்சுகினு ஆட்டுது."

"உனக்கா?"

"பின்ன? அந்த நேரத்துக்கு கடல்ல வேற யாரு கீறாங்க?"

"நீ இன்னா பண்ண?"

"நானும் கை காட்டினேன். மரியாதைக்கு ரெண்டு ஹாரன் அடிச்சேன். ஹாரன் அடிச்சா இன்னும் வேகமா ஆட்டுது, பாவம்."

அந்தப் ‘பாவம்’தான் வினை. மூன்று நாளைக்கு அந்த வீட்டில் மீன் வாங்கவில்லை. ராயபுரத்தில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது. ஆனால் ஹென்றி திருந்துகிற ஆளில்லை. பதினோரு வருடம், அந்தச் சிவப்புத் துணி மாடியில் தெரிந்தவரைக்கும், வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பற்றி வீட்டில் சேதி சொல்லிவிடுவார். இன்னைக்கு ஆடினது, நேத்து மழை, ஆடல. துணி காணாமல் போன மாதம் அவர் கொஞ்சம் சோர்ந்து தெரிந்தார். அதையும் டோரதி குறித்து வைத்துக்கொண்டாள்.

இப்போது விஷயம் என்னவென்றால், டோரதியின் வலது முட்டி தேய்ந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் மாற்று முட்டி வைக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். அந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதிக்கு எட்டு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மாதம் தள்ளினால் அவள் நடப்பதே சந்தேகம் என்றும் சொல்லியிருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை வாங்கி வந்த டோரதி, அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, ஹென்றியைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"மயக்கம் குடுத்து படுக்க வெச்சா, அப்பால எழுந்துப்பேனோ இல்லியோ. அதுக்கு முன்னாடி நீ பீத்திகினு இருந்த ஊர நான் பாக்கணும். அந்த செவப்புத் துணிக்காரியையும் பாக்கணும். பாத்துட்டு வந்து கையெழுத்துப் போட்றேன்."

"இந்த முட்டிய வெச்சுகினு எப்டி சுத்துவ?"

"அது என் முட்டி."

கல்யாணமாகிப் போய் அடுத்த தெருவில் இருக்கும் மகள் சாரா வந்து கெஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை. ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று சனிக்கிழமை. அம்மாவை அசைக்க முடியாது என்று தெரிந்துகொண்ட சாரா, அப்பாவுக்குத் தன் பழைய போனைக் கொடுத்து, போட்டோ எடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தாள்.

முதல் சனிக்கிழமை லைட் ஹவுஸ். பீச் ஸ்டேஷனில் மாறி, பறக்கும் ரயிலில் போய் லைட் ஹவுஸ் ஸ்டேஷனில் இறங்கும்வரை ஹென்றி ராஜாவாக இருந்தார். வெளியே வந்ததும்தான் சிக்கல். சுற்றிலும் கட்டடம். கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம். ஆனால் மெட்ராஸில் தெரியாத இடமே இல்லாதவர் எப்படிக் கேட்பார்? நின்று, கண்ணை மூடி, கன்னத்தில் காற்று படும் பக்கத்தைப் பார்த்தார். கடலில் அது ஒரு நாளும் அவரை ஏமாற்றியதில்லை. கட்டடங்களுக்கு நடுவே புகுந்த காற்றுக்கு மட்டும் புத்தி தடுமாறிவிடும் போலிருக்கிறது. அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போய், மயிலாப்பூர் தெப்பக்குளத்து முன்னால் டோரதியை நிறுத்தினார்.

டோரதி குளத்தைப் பார்த்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"தண்ணி வந்துருச்சு. கடல் மாதிரி தெரிலியே," என்றாள்.

ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து, லிஃப்டில் ஏறி மேலே போனார்கள். மேலே போனதும் ஹென்றிக்கு உயிர் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து, அந்தக் கப்பல் சரக்கு இறக்கியாச்சு, இந்தக் கப்பல் நங்கூரச் சங்கிலி பத்தாம விட்டிருக்கான், மடையன், என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். டோரதி ஊர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அவளுக்கு அவ்வளவு பெரிய ஊரை ஒரே பார்வையில் பார்ப்பது அதுவே முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"அதோ, மரமா பச்சையா கீதே, அது இன்னா எடம்?"

ஹென்றி திரும்பிப் பார்த்தார். "அது உள்ளூரு."

"உள்ளூருன்னா?"

"கடல்லருந்து அது தெரியாது டோரதி."

அன்று எடுத்த பதினேழு போட்டோவில் பதினாறில் கடல் இருந்தது. பதினேழாவதில் டோரதியின் முழங்கையும் அதற்குப் பின்னால் கடலும் இருந்தன. சாரா பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை மாமியாரைப் பார்க்கப் போனார்கள். காற்றை நம்பிக் கெட்டது போதும் என்று, ஹென்றி இந்தத் தடவை நேராகப் பட்டினப்பாக்கம் மணலில் இறங்கிவிட்டார். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். மாமியார் தெரிந்தது. கட்டை விரலை நீட்டி அதற்கு நேராக வைத்து, கண் எடுக்காமல் நடக்க ஆரம்பித்தார். வழியில் ஒரு வலை காய்கிற இடம், ஒரு கிரிக்கெட் ஆட்டம், யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டு எல்லாம் வந்தன. எதற்கும் அவர் விரலை இறக்கவில்லை. பின்னால் நொண்டிக்கொண்டே வந்த டோரதி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசியில் அடுக்குமாடியின் பின்பக்க மதில் வந்தது. அவருக்கு அதுதானே முகம். ஒரு கல்லின் மேல் ஏறி, மதிலுக்கு மேலே தலையை நீட்டி, ஆசை தீரப் பார்த்தார். பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. போனை எடுத்துப் படம் எடுக்க ஆரம்பித்தார். நாலாவது படத்தில் வாட்ச்மேன் வந்து சட்டையைப் பிடித்துவிட்டான்.

"யாருய்யா நீ? இங்க எதுக்கு போட்டோ எடுக்குற?"

"தம்பி, தப்பா நினைக்காத. முப்பத்து நாலு வருஷமா இந்த வூட்ட நான் டெய்லி பாத்துகினு கீறேன். பைனாகுலர் வெச்சு பாத்துருக்கேன்."

சொல்லக் கூடாத விஷயத்தைத் தேடிப்பிடித்துச் சொல்வதில் ஹென்றிக்கு ஈடு கிடையாது. வாட்ச்மேன் விசில் அடித்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் லுங்கியோடு இறங்கி வந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் போலீஸைக் கூப்பிடச் சொன்னாள். மூன்றாம் மாடி பச்சைத் திரைச்சீலை ரெண்டு வருடம் முன்புதான் மாறியது, அதற்கு முன் மஞ்சள் என்று ஹென்றி ஆதாரம் சொல்லப் போக, நிலைமை இன்னும் மோசமானது.

டோரதிதான் காப்பாற்றினாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்து, செயலாளரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சார், இவரு லாஞ்சு ஓட்டினவரு. கடல்லருந்து வழி பாக்க உங்க பில்டிங்க அடையாளம் வெச்சுகினு இருந்தாரு. ரிடயர் ஆயிட்டாரு, பாக்கணும்னு ஆசை. கிறுக்குதான், ஆனா நல்ல மனுஷன். வுட்டுடுங்க."

செயலாளருக்குக் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது. கப்பல்களே தங்கள் கட்டடத்தைப் பார்த்துத்தான் வருகின்றன என்று அவர் புரிந்துகொண்டார் போலும். உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தார். கடலில் எங்கள் கட்டடத்துக்கு ஏதாவது பெயர் உண்டா என்று கேட்டார். டோரதி ஹென்றியின் காலை மிதித்தாள். உண்டு சார், அன்னை என்று சொல்வோம் என்றார் ஹென்றி. அவர் வாழ்க்கையில் சமயத்துக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் டோரதி சிரித்துக்கொண்டே வந்தாள். ஹென்றி அந்தச் சிரிப்பை நம்பி, போதும்ல, கையெழுத்துப் போட்டுடேன் என்றார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு எடம் பாக்கி கீது," என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். திங்களுக்குள் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். அந்தப் பெண் இல்லாமலே போனால் டோரதி கையெழுத்துப் போடமாட்டாள். இருந்துவிட்டாலோ, என்ன நடக்கும் என்று நினைக்கவே ஹென்றிக்குப் பயமாக இருந்தது.

மெரினா மணலில் போய் நின்றார்கள். அவருடைய கணக்கு சுத்தமானது. ஐஸ் ஹவுஸ் கட்டடத்தின் வட்ட மண்டையிலிருந்து வலது பக்கம் நாலு விரல் தள்ளினால் அந்த மாடி. கையை நீட்டிப் பிடித்து நாலு விரல் வைத்துப் பார்த்தார். அங்கே ஒரு வேப்பமரம்தான் இருந்தது. கண்ணை மாற்றி மூடிப் பார்த்தார். வேப்பமரம்தான். இருபது நிமிடம் அப்படியே நின்றார்.

டோரதி ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கருந்து நாலு விரல் வெச்ச?"

"கடல்லருந்து. ரெண்டு கிலோமீட்டர்."

"இப்போ கிட்ட வந்துட்ட. வூடெல்லாம் பெருசாயிடுச்சு. உன் விரல் மட்டும் அப்டியே கீது."

அது சரி என்று அவருக்குப் பட்டது. அதற்கு ஒரு மனிதன் என்ன செய்வான்? தெருவுக்குள் போய் விசாரிப்பான். ஹென்றி செருப்பைக் கழற்றி டோரதியிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து கடலுக்குள் இறங்கினார். கை நீட்டியபடி, நாலு விரல் பிடித்தபடி, முட்டி ஆழம், தொடை ஆழம், இடுப்பு ஆழம். தூரம் கூடினால் கணக்குச் சரியாகிவிடும் என்று அவர் எண்ணம். ரெண்டு கிலோமீட்டருக்கு இன்னும் எவ்வளவு தண்ணீர் என்று அவர் யோசிக்கவில்லை. கரையில் நின்ற போலீஸ்காரர், வயசான ஒரு ஆள் கும்பலைப் பார்த்துக் கை நீட்டியபடி கடலுக்குள் போவதைக் கண்டு, வேறு மாதிரி நினைத்துக்கொண்டு விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்தில் சுண்டல் விற்றவரும் ஓடினார். ரெண்டு பேருமாகச் சேர்ந்து ஹென்றியை இழுத்து வந்து மணலில் உட்கார வைத்து, குடும்பத்தில் என்ன கஷ்டமாக இருந்தாலும் இது முடிவில்லை என்று புத்தி சொன்னார்கள்.

அந்த நேரத்தில் டோரதி சுண்டல்காரரிடம் கேட்டுவிட்டாள்.

"ஏம்பா, இந்தப் பக்கம் மாடில நின்னு செவப்புத் துணி ஆட்டிகினு இருக்கும் ஒரு பொம்பள. ரொம்ப வருஷம் முன்னாடி."

"புறா வூடா? ஜன்னத் அக்கா வூடு. ரோட்டத் தாண்டி மூணாவது சந்து, பச்சை கேட்டு. இப்பவும் அங்கதான் கீறாங்க."

பதினெட்டு வருடத்துப் புதிர் அரை நிமிடத்தில் தீர்ந்தது. ஹென்றி ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு பின்னால் நடந்தார்.

மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. இந்த முட்டியோடு ஏற வேண்டாம், அந்தம்மாவைக் கீழே கூப்பிடுகிறேன் என்று ஹென்றி சொன்னதை டோரதி காதிலேயே வாங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறினாள். வலி தாங்காமல் வந்த கண்ணீர்தான் அது. ஹென்றி ரெண்டு கையையும் நீட்டியபடி பின்னாலேயே ஏறினார்.

ஜன்னத் மொட்டை மாடியில் புறாக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும், முகத்தில் நல்ல களை. ஈர வேட்டியோடு ஒரு ஆணும் மூச்சு வாங்கும் ஒரு பெண்ணும் படியேறி வந்ததைப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, அதற்கப்புறம்தான் யார் என்று கேட்டாள். டோரதி ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்.

"பதினோரு வருஷம் எம் புருஷனுக்கு நீ ஏன் கை காட்டின?"

ஜன்னத் ஹென்றியைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "யாரு இவரு?"

ஹென்றி கடல், லாஞ்சு, சிவப்புத் துணி, ரெண்டு ஹாரன் எல்லாவற்றையும் சொன்னார். ஹாரன் என்றதும் அவள் முகம் மாறியது.

"அந்த ஹாரன் நீதானா பாய்? எங்க வூட்டுக்காரரு பந்தயப் புறா வளத்தாரு. காத்தால பறக்க வுட்டுட்டு, எறங்க வுடாதன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிடுவாரு. நான் குச்சில துணியக் கட்டி ஆட்டிகினு நிப்பேன். நல்லா பறந்துகினு இருக்கும்போது நீ ஹாரன் அடிப்ப. புறா பயந்துகினு கீழ எறங்கும். அதுக்கு நான் இன்னும் வேகமா ஆட்டணும். தோள்பட்ட இன்னிக்கும் வலிக்குது."

வீட்டுக்காரர் மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு பந்தயப் புறாக்களைக் கொடுத்துவிட்டாளாம், இப்போது இருப்பது சும்மா வளர்க்கிற நாலு புறாதானாம். அதோடு துணி ஆட்டுவதும் நின்றுவிட்டது.

"அப்போ கடல் பக்கம் பாக்கவே இல்லியா?" என்று ஹென்றி கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது.

"கடல எங்க பாக்குறது? மானத்தப் பாத்துகினு நின்னேன்."

நியாயமாக டோரதி இந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பதினெட்டு வருட வயிற்றெரிச்சலுக்கு மருந்து கிடைத்தாயிற்று. ஹென்றியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் என்ன ஆயிற்றோ, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"இன்னாம்மா பேசுற நீ? மழைன்னு பாக்காம காத்துன்னு பாக்காம ஒரு மனுஷன் பதினோரு வருஷம் கை காட்டிகினு போயிருக்கான். ஒரு வாட்டி தலையத் திருப்பி யாருன்னு பாத்தா கொறஞ்சா பூடுவ?"

ஜன்னத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டைக்கு வந்தவள் கை காட்டியதற்குச் சண்டை போட வந்தாளா, காட்டாததற்கா? நல்லவள், அதனால் மன்னிப்புக் கேட்டாள். டீ போட்டு எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனாள்.

மாடியில் இவர்கள் ரெண்டு பேரும்தான். ஹென்றி கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் கடலைப் பார்த்தார். ஒரு வீட்டு மாடியிலிருந்து அவர் தன் லாஞ்சு போகும் தடத்தைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. ஏதோ ஒரு லாஞ்சு போய்க்கொண்டிருந்தது, கடுகளவு. அதில் ஒருவன் நின்று கையை ஆட்டினால் கர்த்தருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

டோரதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இம்மாந் தூரத்துலருந்து இந்தத் துணி உனக்குத் தெரிஞ்சுதா?"

"பைனாகுலர் இருந்துச்சே."

"கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு வருஷம் நானும் நம்ம மொட்டமாடில நின்னேன். காத்தால நீ துறைமுகத்த வுட்டு வெளிய வர நேரம் பாத்து, என் கல்யாணப் பொடவ முந்தானைய எடுத்து ஆட்டுவேன். சாரா வயித்துல இருக்கும்போதும் ஆட்டினேன். நீ ஒரு நாளும் பாக்கல. வேலையா கீற, பாக்க நேரமில்லன்னு நினைச்சு வுட்டுட்டேன். அப்பால ஒரு நா வந்து சொல்ற, எவளோ கை காட்டுறான்னு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஹென்றிக்குத் தாங்கவில்லை. பதினெட்டு வருடமும் அவள் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை, அவரைத்தான் திட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஏதாவது சொல்ல வேண்டும். அவர் வாயில் வந்தது இதுதான்:

"நம்ம வூட்டுப் பக்கம் கப்பல் நிக்காதே டோரதி. எல்லாம் தெக்கால."

உண்மைதான். லாஞ்சு வெளியே வந்ததும் தெற்கே திரும்பிவிடும். முப்பத்து நான்கு வருடமும் ராயபுரம் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. டோரதி தலையை ஆட்டினாள். டீ வந்தது. குடித்துவிட்டு இறங்கினார்கள். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஹென்றி, தன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குத் தவிர அவர் அங்கே போனதில்லை. கிடங்குக் கூரைகளுக்கும் பளுதூக்கிகளுக்கும் நடுவில் ஒரு சந்து போல இடைவெளி இருந்தது. அதில் துறைமுக வாய் துல்லியமாகத் தெரிந்தது. வெளியே போகும் லாஞ்சு தெரிந்தது. அவள் இங்கே நின்றிருக்கிறாள், தினமும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. கீழே இறங்கி வந்து மாதா படத்துக்குப் பின்னால் பார்த்தார். படிவம் அங்கேயே இருந்தது. கையெழுத்து இல்லை.

திங்கள் காலை அவர் எழுந்தபோது டோரதி சாராவை வைத்துப் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தாள்.

"மூணு மாடி ஏறினதுல இருந்த முட்டியும் பூடுச்சு. இனிமே போட்டுத்தான் ஆவணும்," என்றாள். ஹென்றியிடம் பேனாவை நீட்டி, சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவர் அழுதுவிட்டார். கையெழுத்துப் போட எதற்கு அழுகிறார் என்று சாரா கேட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் வார்டில் ஆண்களை மாலை ரெண்டு மணி நேரம்தான் விடுவார்கள். கூட இருந்தது சாரா. மூன்றாம் நாள் காலை, ஹென்றியால் மாலை வரை பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி முன்வாசலில் வேப்பமரத்தடியில் போய் நின்றார். வார்டு ரெண்டாவது மாடி. தோளில் கிடந்த துண்டை எடுத்து ரெண்டாவது மாடி ஜன்னல்களைப் பார்த்து ஆட்ட ஆரம்பித்தார். முதலில் ஒரு ஜன்னலில் ஒரு கிழவி எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினாள். அடுத்த ஜன்னலில் கையில் கட்டுப் போட்ட ஒருத்தி. பிறகு ஒரு நர்ஸ். கால் மணி நேரத்தில் அந்த வரிசையில் எட்டு ஜன்னலில் ஆள் நின்று அவரைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். யார் டோரதி என்று தெரியாவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அவர் எல்லோருக்கும் ஆட்டினார்.

போன் அடித்தது. டோரதி.

"சாரா வராண்டாலருந்து எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னா. இன்னா பண்ற அங்க?"

"உனக்குத்தான் டோரதி. தெரியுதா?"

"நான் பின்பக்க வார்டுல கீறேன். நீ மறுபடியும் எவளுக்கோ கை காட்டிகினு கீற."

ஹென்றி போனைக் காதில் வைத்தபடியே ஓடினார். ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், கேண்டீன், ஜெனரேட்டர் ரூம், குப்பைத் தொட்டிகள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் ரெண்டாவது மாடியில் பத்துப் பன்னிரண்டு ஜன்னல் இருந்தது. துண்டைத் தூக்கப் போனவர் தூக்கவில்லை.

"எத்தினியாவது ஜன்னல், சொல்லு," என்றார் போனில்.

"இடதுலருந்து அஞ்சாவது."

"உனக்கு இடதா, எனக்கு இடதா?"

பிறகு, மேலே ஒரு ஜன்னலில், கம்பிக்கு வெளியே ஒரு கை வந்தது. அதில் ஒரு பூப்போட்ட தலையணை உறை இருந்தது.

"இன்னா கலரு புடிச்சுகினு கீற?" என்று அவர் கேட்டார்.

"மஞ்சள்."

மஞ்சள்தான். ஹென்றி அதை ரெண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் துண்டை உயர்த்தினார்.